மன்னார் வளைகுடாவில் கைவிடப்பட்ட வலைகள்: எதைக் கட்டி, எப்படிப் பின்தொடர்வது?

வேம்பார்க்கரை

வணக்கம். வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரையுள்ள தீவுகளை ஒட்டிப் பாரில் (கடலடிப் பவளத்திட்டில்) சிக்கியும், மேலே மிதந்தும் பழைய வலைகள் நிறையக் கிடக்கின்றன. அவற்றைக் கணக்கெடுத்துப் பின்தொடர நாட்டுப்படகுச் சங்கமும் ஒரு கல்லூரியும் சேர்ந்து திட்டம் போடுகிறோம். உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி, அதன்பின் காரைச்சல்லி, காசுவாரி, வான்தீவு என்பது வரிசை. செயற்கைக்கோள் வழி இடம் சொல்லும் கருவி சிலவற்றுக்கு மட்டும் பணம் இருக்கிறது. எந்தக் கருவி வாங்கலாம்? வலையில் எப்படிக் கட்டுவது? செயற்கைக்கோள் படத்திலேயே வலையைக் கண்டுபிடிக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நூலும்கண்ணும்

கருவி வாங்குமுன் கிடக்கும் வலை என்ன நூல் என்று பாருங்கள் தம்பி. கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. நைலான் 1.14, பாலியஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். பாலிஎத்திலீன் 0.95, பாலிபுரொப்பிலீன் 0.91, இரண்டும் மிதக்கும். உங்கள் பக்கம் பாரில் கிடப்பதில் பெரும்பகுதி நண்டு வலை, சிங்கி இறால் வலை, தங்கூசி (ஒற்றை இழை) வலை. எல்லாம் நைலான், போதாததற்கு அடிக்கயிற்றில் ஈயம். அவை போட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். அதில் இடம்சொல்லும் கருவியைக் கட்டினால் அது ஒரே புள்ளியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். தண்ணீருக்குள் போய்விட்டால் அதுவும் கிடையாது, கடல்நீரை ஊடுருவி அந்த அலை வெளியே வராது.

அலைந்து திரிவது விசைப்படகு இழுவை மடியின் (பை போன்ற இழுவலையின்) துண்டுகள், பாலிஎத்திலீன் கயிறு, போயா (மிதவைக் குண்டு) இன்னும் கழலாத வழிவலை (ஓட்டத்தோடு மிதக்கவிடும் வலை). கருவி தேவைப்படுவது இவற்றுக்கு மட்டும்தான்.

நூல் தெரியாவிட்டால் ஒரு சாண் வெட்டி, நன்றாகக் கழுவி, காற்றுக்குமிழி போகப் பிசைந்து, கடல்நீர் வாளியில் போடுங்கள். கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பாசியும் ஒட்டியிருந்தால் மிதக்க வேண்டிய நூலும் மூழ்கும், அதனால் சுத்தமான நூலில்தான் சோதிக்க வேண்டும். கொளுத்திப் பார்ப்பது இரண்டாவது சோதனை. பாலிஎத்திலீன் மெழுகுவத்தி வாடையோடு விடாமல் எரியும். நைலான் உருகி மணியாகத் திரளும், நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும்.

கடலோட்டம்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மிதக்கும் வலையை ஒதுக்கிவிடக் கூடாது, தூரம் போய்ச் சேதம் செய்வது அதுதான். வங்கக் கடலின் கரையோர ஓட்டம் நவம்பர், டிசம்பரில் தெற்கு நோக்கி ஓடும். இலங்கையின் கிழக்குக் கரையைச் சுற்றி, அதற்குத் தெற்கே மேற்காகத் திரும்பும். நாகப்பட்டினத்துக்கு வெளியே அந்த மாதங்களில் அறுந்த மடி மாலத்தீவுப் பக்கம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். மாலத்தீவில் சூரை பிடிப்பது தூண்டிலில். அப்படியிருந்தும் அங்கே ஆமைகள் வலையில் சிக்கிக் கிடக்கின்றன. ஆலிவ் ரிட்லி புராஜெக்ட் என்ற அமைப்பு 2013-இல் அங்கே தொடங்கியதே இதனால்தான். மன்னார் வளைகுடாவுக்குள் கதை வேறு. வடக்கே ஆதாம் பாலத்தின் மணல்திட்டு வழியை அடைத்திருப்பதால், கச்சான் (தென்மேற்கு) காற்றடிக்கும் மாதங்களில் மிதப்பவை உள்ளேயே சுற்றித் தீவுகளில் ஒதுங்கும்.

கருவி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் பரவலாகப் பயன்படுவது இரிடியம் செயற்கைக்கோள் வழி பேசும் மிதவை. இந்தியாவில் இரிடியம், துராயா கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். இணையத்தில் வாங்கி நேராகக் கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இன்சாட் வழி பேசும் மிதவைகளைச் செய்திருக்கிறது. கல்லூரி அவர்களுக்குக் கடிதம் எழுதிப் பார்க்கலாம்.

உங்கள் வேலைக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. தீவுகள் கரையிலிருந்து சராசரியாக 8, 10 கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. கைபேசிக் கோபுரம் வழி பேசும் கருவியோ, 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் வானொலி) கருவியோ போதும்.

சுழிக்குறி

லோரா அவ்வளவு தூரம் எட்டுமா அண்ணே? மிதவையின் ஆன்டெனா தண்ணீரை ஒட்டித்தானே இருக்கும்?

கடலோட்டம்

எட்டும் தூரத்தை முடிவுசெய்வது உயரம்தான். இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்துக்கும் (மீட்டரில்) வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் நேர்ப்பார்வைத் தூரம் கிலோமீட்டரில் வரும். கரையில் 20 மீட்டர், மிதவையில் 20 சென்டிமீட்டர் என்றால் சுமார் 20 கிலோமீட்டர். அலை எழும்போது ஆன்டெனா பள்ளத்துக்குள் போய்விடும், ஆகவே பாதியைத்தான் நம்ப வேண்டும். ஒரு செய்தியை ஒரு தடவை அனுப்பிவிட்டு விடாமல், அரை நிமிட இடைவெளியில் நாலைந்து முறை அனுப்பும்படி வைத்தால் ஏதாவது ஒன்று அலையின் உச்சியில் போய்ச் சேரும். கிடைத்த புள்ளிகளைக் கருவியே சேமித்து வைத்து, தொடர்பு வந்ததும் மொத்தமாக அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லாத கருவி வேண்டவே வேண்டாம்.

கூட்டுக்கு 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் 60 சென்டிமீட்டர் நீளம். அந்தக் குழாய் 10 சென்டிமீட்டர் மூழ்கினால் சுமார் 970 கிராம் தாங்கும். எல்லாம் சேர்த்து எடை 4 கிலோ வந்தால் 41 சென்டிமீட்டர் மூழ்கி 19 சென்டிமீட்டர் மேலே நிற்கும். எடையை அடியில் சிமெண்டாகவோ ஈயமாகவோ போடுங்கள், இல்லாவிட்டால் குழாய் படுத்துக்கொள்ளும், ஆன்டெனா வானத்தைப் பார்க்காது. உள்ளே ஒரு காகிதத் துண்டைப் போட்டு மூடியை மூடியபின், கல் கட்டி ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். காகிதம் ஈரமானால் மூடிக்குள் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

மின்கலத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 3.6 வோல்ட் லித்தியம் தயோனில் குளோரைடு கலம் பல மாதம் உழைக்கும். ஆனால் கைபேசி மாட்யூல் செய்தி அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தக் கலத்தால் அதைத் தர முடியாது, வோல்ட் சரிந்து மாட்யூல் திரும்பத் திரும்ப அணைந்து எழும். மேசையில் சார்ஜரோடு சோதிக்கும்போது இந்தக் கோளாறு தெரியாது. பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் பக்கத்தில் இணைத்து, கலத்தை மட்டுமே வைத்துச் சோதியுங்கள்.

மடிவலை

கட்டும் முறையை யாரும் சொல்லவில்லையே. கருவி தொலைவது பெரும்பாலும் கயிறு அறுந்துதான்.

8 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு, 3 மீட்டர். அது மிதக்கும், வலைக்கு அடியில் போய்ச் சுற்றாது. மிதவைப் பக்கம் கண்ணி வைத்துப் பின்னிவிட வேண்டும், நடுவில் துருப்பிடிக்காத 316 எஃகுச் சுழலி ஒன்று. சுழலி இல்லாவிட்டால் மிதவை சுழன்று சுழன்று கயிறு முறுக்கேறித் தானே அறுந்துபோகும். வலைப் பக்கத்தில் வெறும் நூலில் கட்டாதீர்கள். மேல்கயிறு அல்லது மடியின் தடித்த ஓரக்கயிறு கிடைக்கும் இடமாகப் பார்த்து, தள்ளித்தள்ளி மூன்று இடத்தில் கோத்துக் கட்டுங்கள். வலை திரள் உருண்டு புரளும்போது ஒரு இடம் பிய்ந்தாலும் இரண்டு நிற்கும். புதுக் கயிற்று முடிச்சு தளர்ந்தால் நழுவும், வால்நுனியை நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

படகை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பது இதைவிட முக்கியம். காற்று படகை வலைமேல் தள்ளும் பக்கத்தில் நின்றால் இரண்டு நிமிடத்தில் எஞ்சின் காத்தாடியில் வலை சுற்றிக்கொள்ளும். காற்று படகை வலையிலிருந்து விலக்கும் பக்கத்தில் நில்லுங்கள், எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கொக்கிக் கம்பால் இழுத்துக் கட்டுங்கள். கட்டுவதற்காக யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஆமை உயிரோடு சிக்கியிருந்தால் நூலை வெட்டி விடுவியுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். காயம் இருந்தால் ஈரச்சாக்கைப் போர்த்தி நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சுழிக்குறி

வலையில் கட்டும் ஏஐஎஸ் (கப்பல்கள் தம் அடையாளத்தையும் இடத்தையும் தாமே அறிவிக்கும் முறை) மிதவை மலிவாகக் கிடைக்கிறதே, கப்பல்களின் திரையிலும் தெரியுமே. அது ஆகாதா?

கடலோட்டம்

ஆகாது. மலிவாக விற்பவை பெரும்பாலும் கப்பல்களுக்கான அலைவரிசையிலேயே, கப்பல் போன்ற அடையாள எண்ணோடு பேசுகின்றன. கப்பல் திரையில் இல்லாத கப்பல் முளைக்கும். தூத்துக்குடித் துறைமுக வாய்க்குப் பக்கத்தில் அது ஆபத்து. சர்வதேச விதிப்படி இந்த வகைக் கருவிக்கு 160.9 மெகாஹெர்ட்ஸ் தனி அலைவரிசை, 100 மில்லிவாட் வரம்பு, 979 என்று தொடங்கும் எண். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2018-லேயே இந்த மிதவைகளை விற்பதும் பயன்படுத்துவதும் சட்டமீறல் என்று எச்சரித்தது.

பவளத்திட்டு

பாரில் கிடக்கும் வலைக்கு வருவோம், உங்கள் வேலையில் பெரும்பங்கு அதுதான்.

முதலில் அனுமதி. 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வலையை எடுக்கப்போய்ப் பவளக்கிளை ஒன்று முறிந்தாலும் வழக்குதான். ராமநாதபுரம் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் ஆளையும் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்திடம் பார்களைப் பற்றிய நீண்டகாலக் கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுத்தால் ஒரே பாரைத் திரும்ப அளக்க வேண்டியதில்லை.

இடம் குறிப்பதில் ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. படகிலுள்ள ஜிபிஎஸ் 9°05.500' என்று பாகையும் நிமிடமுமாகக் காட்டும். கணினியில் ஏற்றுபவர் அதை 9.055 என்று அடித்துவிடுவார். சரியானது 9.09167. வித்தியாசம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர்! ஒரு தீவின் பாரில் இருந்த வலை தாளில் நடுக்கடலுக்குப் போய்விடும். எல்லாக் கருவியையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு, தாளின் தலைப்பிலேயே அந்த வடிவத்தை அச்சடியுங்கள்.

தேடுவதற்கு, முகக்கண்ணாடி போட்ட ஒருவரைப் பலகையைப் பிடிக்கச் சொல்லி வத்தைக்கு (சிறு படகுக்கு) பின்னால் மெதுவாக இழுத்துப்போவது நல்ல முறை. இரண்டு நிமிடம் இழுத்து நிறுத்தி எழுதுவது, மறுபடி இழுப்பது. பார் பெரும்பாலும் 4 மீட்டருக்குள் இருப்பதால் மேலிருந்தே தெரியும். கச்சான் கிளம்பிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். பிப்ரவரி, மார்ச்சுக்குள் முடிக்கப் பாருங்கள்.

தோணித்துறை

சங்குகுளிக்கிறவர்களைக் கேளுங்கள் அண்ணாச்சி. எந்தப் பாரில் எந்த வலை எத்தனை பாக ஆழத்தில் கிடக்கிறது என்று கருவி இல்லாமலே சொல்வார்கள். அவர்களிடம் கேட்காமல் எடுக்கும் கணக்கு எதுவும் முழுசாக இருக்காது. ஆனால் படகிலிருந்து காற்றுக்குழாய் விட்டுக் குளிக்கிறவரை வலை எடுக்க இறக்காதீர்கள். குழாய் வலையில் மாட்டினால் ஆள் மேலே வர முடியாது.

பவளத்திட்டு

முழுக்க ஆமோதிக்கிறேன். எடுக்கும்போதும் இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். நீவாடு (நீரோட்டம்) முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்தால் தளர்ந்த வலை ஆள்மேல் வந்து படியாது. முனை மழுங்கிய கத்தரி ஆளுக்கு இரண்டு, ஒன்று எப்போதும் கை எட்டும் இடத்தில். வலையை இழுக்கவே கூடாது. கிளைப்பவளத்தைச் சுற்றியுள்ள நூலைக் கண் கண்ணாக வெட்டி விடுவியுங்கள். பவளம் நூலை மூடி வளர்ந்துவிட்டிருந்தால் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு அந்தத் துண்டை அங்கேயே விட்டுவிடுங்கள். பறித்தால் உயிருள்ள சதை பிய்யும்.

காற்றுப்பையால் தூக்குவதாக இருந்தால் 1 லிட்டர் காற்று சுமார் 1 கிலோ தூக்கும் என்று கணக்கு. 10 மீட்டர் ஆழத்தில் பாதி நிரப்பிய பை மேலே வரும்போது முழுதாக விரிந்துவிடும், வரவர வேகம் கூடும். ஆகவே 10, 15 கிலோ பொட்டலமாகக் கட்டி ஒவ்வொன்றாக விடுங்கள். பையின் கொக்கி எந்தக் காரணத்துக்காகவும் ஆளின் பெல்ட்டில் இருக்கக் கூடாது.

எதிரொலி

4 மீட்டருக்கு அப்பால், கலங்கிய தண்ணீரில் பக்கவாட்டு சோனார் (ஒலி அனுப்பி எதிரொலியால் தரையைக் காட்டும் கருவி) உதவும். ஹம்மின்பேர்டு போன்ற மீன்பிடிப் படகுக் கருவியே போதும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், வெர்ஜீனியா பகுதியில் 2008 முதல் 2014 வரை அதே வகைக் கருவியைக் கொடுத்து, மீன்பிடி இல்லாத குளிர்காலத்தில் மீனவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தி 32,000-க்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட நண்டுக்கூடுகளை எடுத்தார்கள்.

ஆனால் கூடு வேறு, வலை வேறு. கூடு கம்பிச் சட்டம், திரையில் பளிச்சென்று சதுரமாகவும் பின்னால் நிழலாகவும் விழும். தங்கூசி நூல் ஒலியைத் திருப்பி அனுப்பாது. மணல்தரையில் ஈயம் கோத்த அடிக்கயிறு மெல்லிய கோடாகத் தெரியும், அதைத்தான் தேட வேண்டும். பவளத்தரையில் அதுவும் தெரியாது. மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். ஓடும் பாதைகள் ஒன்றின்மேல் ஒன்று கால்வாசி படிய வேண்டும், நேர் கீழே உள்ள பட்டை சோனாருக்குத் தெரியாது.

செயற்கைக்கோள் படம் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், 5 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். 3 மீட்டருக்கு 4 மீட்டர் வலைக்குவியல் அந்தப் புள்ளியில் 12 விழுக்காடுதான். மழைக்குப்பின் நீள வரியாகத் திரண்டு வரும் குப்பையைப் பார்க்கலாம், தனி வலையைப் பார்க்க முடியாது. உங்கள் பகுதியில் தரையே ஆழமில்லாமல் வெளிறித் தெரிவதால் பொய்யான அடையாளம் ஏராளமாக வரும். நேரத்தை அதில் செலவிடாதீர்கள்.

சுழிக்குறி

ஆண்டுக்கு 6,40,000 டன் வலை கடலில் விடப்படுகிறது என்று துண்டறிக்கையில் போடலாமா?

நூலும்கண்ணும்

வேண்டாம் தங்கச்சி. 2009-இல் ஐநா உணவு வேளாண் நிறுவனமும் சுற்றுச்சூழல் திட்டமும் வெளியிட்ட அறிக்கையிலிருந்து கிளம்பிய எண் அது. கடல் குப்பையில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதை, 1975-ஆம் ஆண்டு வாக்கில் போட்ட 64 லட்சம் டன் என்ற பழைய மதிப்பீட்டோடு பெருக்கி வந்தது. யாரும் நேராக அளந்ததில்லை. 2022-இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் பல நாட்டு மீனவர்களை நேரில் கேட்டு எடுத்த கணக்கு மேலானது: போடும் கருவிகளில் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆண்டுதோறும் தொலைகிறது, அதில் தூண்டில் நெடுங்கயிறு மட்டும் 7,40,000 கிலோமீட்டருக்குப் பக்கம், கூடுகள் 2.5 கோடிக்கு மேல். துண்டறிக்கையில் உங்கள் கரையில் நீங்கள் எண்ணியதைப் போடுங்கள், மீனவர் நம்புவது அதைத்தான்.

தோணித்துறை

இதையும் சேர்த்து எழுதிவைங்க. மீனவன் வலையை வேண்டுமென்று விடுவதில்லை, வலைதான் அவன் போட்ட முதல். ராத்திரியில் விசைப்படகு மேலே இழுத்துப்போகிறது, கப்பல் காத்தாடி அறுக்கிறது, பாரில் பிடித்துக்கொள்கிறது, கொண்டல் (கீழ்க்) காற்றில் போயா பிய்கிறது. தொலைந்ததைச் சொன்னால் அபராதமோ, எந்த இடத்தில் மீன் பிடித்தாய் என்ற கேள்வியோ வரும் என்று பயந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நார்வேயில் தொலைத்தவர் முதலில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அரசுக்குச் சொல்ல வேண்டும். அந்த இடங்களுக்கு ஆண்டுதோறும் அரசே படகு அனுப்பி எடுக்கிறது, 1980-களிலிருந்து நடக்கிறது. இங்கே சங்கத்திலேயே ஒரு நோட்டு வைத்து, பெயர் எழுதாமல் இடம், ஆழம், வலை வகை, எந்த நாள் என்று நாலு விஷயம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். தொலைந்த அன்றைக்கு எழுதிய புள்ளி ஒன்று, ஆறு மாதம் கழித்துச் சோனாரில் தேடுவதைவிட மேல்.

மடிவலை

அடையாளமும் இப்போதே போட்டுவிட்டால் பின்னால் யாருடையது என்ற சண்டை இல்லை. ஐநா உணவு வேளாண் நிறுவனம் 2018-இல் ஏற்ற வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. போயாவில் பெயிண்டால் எழுதினால் ஒரு பருவத்தில் போய்விடும், சூடான இரும்பால் பதிவு எண்ணைச் சுடுங்கள். தொங்கும் தகடு வேண்டாம், வலையை இழுத்து எடுக்கும்போது வலைக்கண்ணில் மாட்டும். மேல்கயிறு முறுக்கும்போதே உள்ளே ஊருக்கு ஒரு நிற நூல் சேர்த்துவிட்டால், போயா கழன்று துண்டு துண்டாகக் கிடைத்தாலும் எந்த ஊர் வலை என்று தெரியும். இதைக் காட்டிக்கொடுக்கும் வேலையாகச் செய்யாமல், வலையைத் திருப்பிக் கொடுக்கும் வேலையாகச் செய்தால் எல்லோரும் ஒத்துழைப்பார்கள்.

வேம்பார்க்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. செயற்கைக்கோள் கருவியை விட்டுவிடுகிறோம். இரண்டு லோரா மிதவை, ஒரு சோனார், சங்கத்து நோட்டு என்று மாற்றிக்கொள்கிறோம். எடுத்த வலையில் என்னென்ன எழுத வேண்டும்?

நூலும்கண்ணும்

நூல் வகை, நிறம், முறுக்கா பின்னலா, ஒற்றையா இரட்டையா, முடிச்சு உண்டா. கண்ணளவை ஒரே கண்ணில் எடுக்காதீர்கள். பத்துக் கண்ணை நீட்டி இழுத்து, முடிச்சு நடுவிலிருந்து முடிச்சு நடு வரை அளந்து பத்தால் வகுங்கள். போயா, ஈயம் இருந்தால் அளவுகோல் வைத்துப் படம். தண்டோடு தொங்கும் வாத்துக்கொட்டலசு இருந்தால் அதில் பெரியதன் ஓட்டு நீளத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள், வலை குறைந்தபட்சம் எவ்வளவு நாள் மிதந்தது என்று கணிக்க அது உதவும். உள்ளே சிக்கிய உயிர்கள், உயிரோடா செத்தா, எலும்பு மட்டுமா.

எடுத்ததை நூல்வாரியாகப் பிரித்து வையுங்கள். நைலானை மறுசுழற்சிக்கு வாங்குவார்கள், பாலிஎத்திலீன் கலந்தால் விலை போகாது. ஈயத்தை உருவி எடுத்துச் சங்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், மறுபடி பயன்படும். எடை போடும்போது ஈரத்தில் போட்டதா, ஒரு வாரம் காய்ந்தபின் போட்டதா என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். மணலும் தண்ணீரும் சேர்ந்த எடையைக் காய்ந்த எடையோடு கூட்டிய கணக்கை அடுத்த ஆண்டு யாராலும் ஒப்பிட முடியாது.